“கரண்ட் வைத்தபிறகுதான் அப்பாவுக்குக் கஞ்சிகூட இறங்கவில்லை!”

புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து ஒரு வாசகி நீளமான மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறார். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை எடுத்துவிட்டுச் சாரத்தை மட்டும் தருகிறேன்.

அப்பாவுக்கு வயது 61. முப்பது வருடம் டீக்கடை நடத்தியவர். கொதிக்கக் கொதிக்க டீ, வாயில் எப்போதும் வெற்றிலை, சீவல், புகையிலை. சர்க்கரை நோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறார். சில மாதங்களுக்கு முன் “இட்லி நெஞ்சிலேயே நிக்குது” என்றார். எண்டோஸ்கோப்பி செய்தபோது உணவுக்குழாயின் நடுப்பகுதியில் கட்டி. பயாப்ஸியில் (கட்டியிலிருந்து சின்னத் துண்டு எடுத்துச் செய்யும் சோதனை) ஸ்குவாமஸ் செல் வகைப் புற்றுநோய், அதாவது உணவுக்குழாயின் உள்தோல் செல்களில் தொடங்கும் வகை என்று வந்தது. ஸ்கேனில் வேறு உறுப்புகளுக்குப் பரவியிருக்கவில்லை. திருச்சியில் ஒரு மருத்துவமனையில் 23 ரேடியேஷன் (ஊரில் ‘கரண்ட்’ வைப்பது என்பார்கள்), வாரம் ஒன்றாக ஐந்து கீமோ, அதன்பின் ஆபரேஷன் என்று திட்டம் போட்டிருக்கிறார்கள். கடிதம் எழுதும்போது 14 ரேடியேஷனும் மூன்று கீமோவும் முடிந்திருந்தன.

“முதல் பத்து நாள் கொஞ்சம் தேறின மாதிரி இருந்தது. இப்போது தண்ணீர் குடித்தால்கூடக் கண்ணாடித் துண்டு இறங்குவதுபோல் வலிக்கிறது என்கிறார். 58 கிலோ இருந்தவர் 51 ஆகிவிட்டார். டாக்டர் மூக்கு வழியாக ட்யூப் போடலாம் என்கிறார். ‘ட்யூப் போட்டா சாகப்போறவன்னு அர்த்தம்’ என்று அப்பா மறுக்கிறார். கரண்ட் வைத்ததால்தான் இந்த நிலைமை, நிறுத்திவிட்டுக் கேரளாவில் ஒரு வைத்தியரிடம் போகலாம் என்று அண்ணன் நிற்கிறான். உடம்பு தேறியபிறகு மறுபடி தொடர முடியாதா? இரண்டு சிகிச்சையையும் ஒரே நேரத்தில் கொடுத்தது தப்பா? ஒவ்வொன்றாகக் கொடுக்கச் சொல்லலாமா?” என்பவை அவருடைய கேள்விகள்.

கடிதத்தின் கடைசியில், போகிற போக்கில் சொல்வதுபோல் நான்கு விஷயங்கள். அப்பாவிடம் குடல் புண் என்றுதான் சொல்லியிருக்கிறார்களாம். சம்மதப் படிவத்தில் அண்ணன் கையெழுத்துப் போட்டாராம். நான்கு வயதுப் பேத்தியை ஒரு மாதமாகத் தாத்தா பக்கத்திலேயே விடவில்லையாம். “இரண்டு நாளாகச் சாயங்காலம் லேசாகக் காய்ச்சல், பாராசிட்டமால் கொடுத்தால் இறங்கிவிடுகிறது.”

அன்புள்ள சகோதரி,

நீங்கள் கடைசியாக எழுதியதுதான் என் கண்ணில் முதலில் பட்டது. காய்ச்சல். அதனால்தான் வேறு எதுவும் எழுதாமல், ‘இன்றிரவே மருத்துவமனைக்குப் போங்கள்’ என்று அன்றே பதில் அனுப்பினேன். நீங்கள் போனதும், வெள்ளை அணுக்கள் மிகவும் குறைந்திருந்ததும், மூன்று நாள் ஊசி மருந்து ஏற்றியதும், நான்காவது கீமோவைத் தள்ளிவைத்ததும் உங்கள் மறுபதிலில் தெரிந்தது. ‘டாக்டரே கைவிட்டுட்டார்போல’ என்று அண்ணன் சொன்னதாக எழுதியிருந்தீர்கள். அப்படி இல்லை. கவுண்ட், அதாவது ரத்த அணுக்களின் எண்ணிக்கை, குறைந்தால் கீமோவை ஒரு வாரம் தள்ளுவதும், ஒரேயடியாக விட்டுவிடுவதும் தினமும் நடப்பதுதான். ஐந்தில் நான்குதான் போட முடிந்தது என்பதால் சிகிச்சை வீணாகிவிடாது. இனி மற்றவற்றுக்கு வருகிறேன்.

வலி கூடியது ஏன்?

அண்ணன் கண்ணால் பார்த்ததைத்தான் சொல்கிறார். கரண்ட் வைத்தபிறகுதான் வலி வந்தது, அது உண்மை. ஆனால் அதிலிருந்து அவர் எடுத்த முடிவு தவறு.

நம் ஊரில் ‘கரண்ட்’ என்று சொன்னாலும் அதில் மின்சாரம் உடம்பில் பாய்வதில்லை. அது எக்ஸ்ரே கதிர்தான், நெஞ்சு எக்ஸ்ரேயில் வருவதைவிடப் பல மடங்கு சக்தி உள்ளது. மெஷினில் படுத்திருக்கும் பத்து நிமிடத்தில் வலியோ சூடோ எதுவும் தெரியாது. கதிர் கட்டியின்மேல் விழும்போது, கட்டியைச் சுற்றியுள்ள நல்ல சவ்வின்மேலும் விழுகிறது. உணவுக்குழாயின் உள்தோல் தானே தேய்ந்து தானே புதுப்பித்துக்கொள்ளும் தோல். கதிர் அந்தப் புதுப்பிப்பைத் தற்காலிகமாகத் தடுக்கிறது. பழைய தோல் உதிர இரண்டு வாரமாகும். அதனால்தான் முதல் பத்து நாள் ஒன்றும் தெரியாமல், மூன்றாவது வாரத்தில் உள்ளே வெந்துபோனதுபோல் எரிகிறது. உங்கள் அப்பாவுக்கு வலி வந்த தேதியைப் பாருங்கள். டாக்டர்களான நாங்கள் எதிர்பார்க்கும் வாரத்தில்தான் வந்திருக்கிறது.

அடுத்ததையும் இப்போதே சொல்லிவிடுகிறேன், பிறகு நீங்கள் பயப்படக் கூடாது. ரேடியேஷன் முடிந்த மறுநாளே வலி போய்விடாது. கடைசி வாரமும், முடிந்தபிறகு வரும் பத்துப் பதினைந்து நாட்களும்தான் பெரும்பாலும் மோசமான நாட்கள். அதற்கப்புறம் இறங்க ஆரம்பித்து, ஏறக்குறைய ஒரு மாதத்தில் ஆறிவிடும். வீட்டுக் காலண்டரில் அந்த வாரங்களைப் பென்சிலால் கோடிட்டு வையுங்கள். ‘முடிஞ்சும் குறையலையே’ என்று வீட்டில் பேச்சு வரும்போது அந்தக் கோடு உதவும்.

இந்த வலியைப் பல்லைக் கடித்துப் பொறுக்க வேண்டியதில்லை. சாப்பிடுவதற்குப் பத்து நிமிடம் முன்பு மெதுவாக விழுங்கும் ஜெல் ஒன்று எழுதிக் கொடுத்திருப்பார்கள். மரத்துப்போகச் செய்யும் மருந்து சேர்ந்தது அது. அதைச் சாப்பாட்டுக்குப் பின் கொடுப்பதாக எழுதியிருக்கிறீர்கள். முன்பு கொடுங்கள். அது போதாவிட்டால் மார்ஃபின் வரைக்கும் படிகள் உண்டு. மார்ஃபின் என்றதும் ‘கடைசி மருந்து’ என்று வீட்டில் அழத் தொடங்குவார்கள். ஒரு மாத எரிச்சலுக்குக் கொடுத்து, எரிச்சல் ஆறியதும் படிப்படியாகக் குறைத்து நிறுத்திவிடும் மருந்தாகவே நான் அதைப் பலருக்கும் கொடுத்திருக்கிறேன். மலச்சிக்கல் வரும். அதற்கும் சேர்த்து மருந்து கேட்டு வாங்குங்கள்.

இன்னொன்று. டார்ச் அடித்து அப்பாவின் நாக்கையும் அண்ணத்தையும் பாருங்கள். தயிர் படிந்ததுபோல் வெள்ளையாக இருந்தால் அது பூஞ்சைத் தொற்று. சர்க்கரை நோய் உள்ளவருக்கு, கீமோவோடு ஸ்டீராய்டு ஊசியும் போகும்போது, இது எளிதாக வரும். உணவுக்குழாய்க்குள்ளும் பரவி வலியை இரட்டிப்பாக்கும். மாத்திரையில் சரியாகிவிடும்.

ஒவ்வொன்றாகக் கொடுத்தால் என்ன?

வயலில் களை வெட்டியவர்களுக்கு இது புரியும். வெட்டிய களையை ஈரத்திலேயே போட்டுவிட்டால் மறுபடி வேர் பிடித்துக்கொள்ளும். வெயிலில் புரட்டிப் போட்டால்தான் காயும். கதிர் புற்றுச் செல்லின் மரபணு இழையை அறுக்கிறது. செல் அதை ஒட்டவைத்துக்கொள்ளப் பார்க்கும். அந்த நேரத்தில் கீமோ மருந்து ரத்தத்தில் இருந்தால் ஒட்டவைக்கும் வேலை கெடுகிறது. இரண்டும் ஒரே வாரத்தில் இருந்தால்தான் இது நடக்கும். ரேடியேஷன் முடித்து, இரண்டு மாதம் கழித்துக் கீமோ என்றால் இந்தப் பலன் கிடைக்காது.

வாய்ப்பேச்சாகச் சொல்லவில்லை. 1980-களில் அமெரிக்காவில் தொடங்கிய ஓர் ஆய்வில், ஆபரேஷன் இல்லாமல், ஒரு குழுவுக்கு 64 கிரே (கதிரின் அளவைச் சொல்லும் அலகு) ரேடியேஷன் மட்டும், இன்னொரு குழுவுக்கு அதைவிடக் குறைவாக 50 கிரே ரேடியேஷனும் கூடவே கீமோவும் கொடுத்தார்கள். ஐந்து வருடம் கழித்துப் பார்த்தபோது, சேர்த்துக் கொடுத்தவர்களில் 26 சதவீதம் பேர் உயிரோடு இருந்தார்கள். ரேடியேஷன் மட்டும் எடுத்தவர்களில் ஒருவர்கூட இல்லை.

உங்கள் அப்பாவுக்குப் போட்டிருக்கும் திட்டம் நெதர்லாந்திலிருந்து வந்தது. 23 தடவையாக 41.4 கிரே, வாரம் ஒருமுறை பாக்லிடாக்ஸல், கார்போபிளாட்டின் என்ற இரண்டு கீமோ மருந்துகள். 366 நோயாளிகளிடம் செய்து 2012-ல் வெளியிட்டார்கள். ‘கிராஸ்’ ஆய்வு என்போம். நேராக ஆபரேஷனுக்குப் போனவர்களில் பாதிப் பேர் 24 மாதத்தைத் தாண்டினார்கள். இந்தச் சிகிச்சை எடுத்து ஆபரேஷனுக்குப் போனவர்களில் பாதிப் பேர் 49 மாதத்தைத் தாண்டினார்கள். உங்கள் அப்பாவுக்கு வந்திருக்கும் ஸ்குவாமஸ் வகையில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு, ஆபரேஷனில் எடுத்த துண்டை மைக்ராஸ்கோப்பில் பார்த்தபோது உயிருள்ள புற்றுச் செல்லே இல்லை. அப்பா அந்தப் பாதியில் இருப்பார் என்று என்னால் வாக்குக் கொடுக்க முடியாது. ஆனால் 14 தடவையில் நிறுத்தியவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது என்று மட்டும் உறுதியாகச் சொல்லுவேன்.

‘தேறியபிறகு தொடரலாமா’ என்ற கேள்விக்கும் இதிலேயே பதில் இருக்கிறது. நாம் இடைவெளி விடும்போது நல்ல சவ்வு ஆறுகிறது, மிச்சமிருக்கும் புற்றுச் செல்லும் வளர்கிறது. அதுவும் ஸ்குவாமஸ் வகை வேகமாகத் திரும்பி வளரும். ஒரு மாதம் கழித்து விட்ட இடத்திலிருந்து எண்ணித் தொடர முடியாது. ஏற்கெனவே வாங்கிய 14 தடவையும் உடம்பின் கணக்கில் இருப்பதால் முதலிலிருந்து தொடங்கவும் முடியாது. காய்ச்சலால் தவறிய நாட்களுக்கு என்ன செய்வது என்று உங்கள் ரேடியேஷன் டாக்டரைக் கேளுங்கள். சனிக்கிழமை வைப்பார்கள், அல்லது ஒரே நாளில் ஆறு மணி நேர இடைவெளி விட்டு இரண்டு தடவை வைப்பார்கள். அமாவாசை, உறவில் கல்யாணம், பஸ் ஸ்ட்ரைக் என்று மட்டும் இனி ஒரு நாள்கூட விடாதீர்கள். தினமும் பஸ்ஸில் போய்வருவதே அவரைப் பாதி சாய்த்துவிடுகிறது என்று நினைக்கிறேன். மிச்சமிருக்கும் நாட்களுக்கு மருத்துவமனைப் பக்கத்தில் ஒரு அறை கிடைக்குமா என்று பாருங்கள்.

கேரள வைத்தியரைப் பற்றி நான் சொல்வதற்கு அதிகமில்லை. உணவுக்குழாய்க் கட்டியைக் கஷாயத்தால் கரைத்ததற்கு நான் பார்த்த அத்தாட்சி எதுவும் இல்லை. ஆனால் முள்சீத்தா இலைக் கஷாயம் ஏற்கெனவே காலையில் கொடுத்துவருவதாக எழுதியிருக்கிறீர்கள். அதை இன்றே நிறுத்துங்கள். அந்த மரத்தில் நரம்பைப் பாதிக்கும் பொருள் உண்டு. கரீபியன் தீவான குவாதலூப்பில் அதன் பழத்தையும் இலைக் கஷாயத்தையும் வழக்கமாகச் சாப்பிட்டவர்களிடம் பார்க்கின்சன் போன்ற நடுக்க நோய் அதிகமாகக் காணப்பட்டதை மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள். பாக்லிடாக்ஸலே கை, கால் நரம்பை மரத்துப்போகச் செய்யக்கூடியது. ‘விரல் நுனி எறும்பு ஊறுற மாதிரி இருக்கு’ என்று அப்பா சொல்வதையும் உங்கள் டாக்டரிடம் சொல்லுங்கள்.

கஞ்சியும் ட்யூபும்

இனி வரும் வாரங்களில் மெஷின் அதன் வேலையைச் செய்யும். உங்கள் பங்கு அப்பாவின் எடை. 58-லிருந்து 51 என்றால் எட்டில் ஒரு பங்கு உடம்பு போய்விட்டது. போனது கொழுப்பு மட்டுமில்லை, தசையும்தான். இருமிச் சளியைத் துப்ப, ஆபரேஷன் தையல் ஆற, கவுண்ட் ஏற, எல்லாவற்றுக்கும் அந்தத் தசை வேண்டும்.

அம்மா செய்து கொடுக்கும் பட்டியலைப் பார்த்தேன். காலையில் வடிகட்டிய கஞ்சி ஒரு டம்ளர், பதினொரு மணிக்கு இளநீர், மதியம் ரசத்தில் கரைத்த சோறு, சாயங்காலம் ஆட்டுக்கால் சூப், இரவு மறுபடி கஞ்சி. அன்போடு செய்கிறார், சந்தேகமில்லை. கூட்டிப் பார்த்தால் 500 கலோரிகூடத் தேறாது. 51 கிலோ ஆளுக்கு ஒரு நாளைக்கு 1,500 கலோரியும் 60 முதல் 75 கிராம் புரதமும் வேண்டும். ஆட்டுக்கால் சூப்மீது எனக்குக் கோபம் ஒன்றுமில்லை. ஆனால் அதில் இருப்பது பெரும்பாலும் தண்ணீர், உப்பு, கொஞ்சம் கொழுப்பு. சத்து கறியில் இருக்கிறது. கறியை வேகவைத்து, நாரில்லாமல் மிக்ஸியில் அரைத்துச் சூப்பிலேயே கலந்தால் பலன் உண்டு. ரசத்தில் புளியும் மிளகும் இருக்கின்றன. புண்ணில் மிளகாய்ப்பொடி போட்டதுபோல எரியாமல் என்ன செய்யும்?

அளவைக் கூட்ட முடியாதபோது அடர்த்தியைக் கூட்டுங்கள். குழைந்த சோறும் பாசிப்பருப்பும் மிக்ஸியில் அடித்து, இரண்டு ஸ்பூன் நெய். சத்துமாவைத் தண்ணீருக்குப் பதில் பாலில் காய்ச்சுங்கள். வாழைப்பழமும் பாலும் பால் பவுடரும் சேர்த்து அடிக்கலாம். முட்டையைப் பாலில் அடித்து ஆவியில் வைத்தால் பால்கோவா மாதிரி வழுக்கிக்கொண்டு இறங்கும். ஒரு முட்டையில் 6 கிராம் புரதம், ஒரு டம்ளர் பாலில் அதே அளவு. எல்லாம் வெதுவெதுப்பாக இருக்கட்டும். சூடு ஆகவே ஆகாது. 65 டிகிரிக்கு மேல் சூடாகக் குடிப்பது உணவுக்குழாய்ப் புற்றுநோயைத் தூண்டக்கூடும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வுப் பிரிவு 2016-ல் அறிவித்தது. முப்பது வருட டீக்கடைக்காரரிடம் ‘ஆறவைத்துக் குடியுங்கள்’ என்பது சுலபமில்லை, தெரியும்.

பாலில் சர்க்கரை போடுவதை நிறுத்திவிட்டீர்கள், ‘சர்க்கரை கேன்சருக்குத் தீனி’ என்று வாட்ஸ்அப்பில் வந்ததாம். இங்கே இரண்டு சர்க்கரைகள் குழம்பிக் கிடக்கின்றன. நாம் சாப்பிடாவிட்டாலும் உடம்பு தன் தசையைக் கரைத்து ரத்தத்தில் குளுக்கோஸை வைத்துக்கொள்ளும். பட்டினியால் மெலிவது அப்பாதான், கட்டியல்ல. இன்னொன்று அவருடைய சர்க்கரை நோய். கீமோ போட்ட மறுநாள் 280 வருவதாக எழுதியிருக்கிறீர்கள். பாக்லிடாக்ஸலால் அலர்ஜி வராமலிருக்கக் கொடுக்கும் ஸ்டீராய்டு ஊசியின் வேலை அது. இரண்டு மூன்று நாளில் இறங்கும். அதற்குச் சாப்பாட்டைக் குறைப்பது தீர்வல்ல. அந்த நாட்களுக்கு இன்சுலினோ மாத்திரையோ கூட்ட வேண்டுமா என்று டாக்டரிடம் கேளுங்கள்.

இவ்வளவும் செய்தும் பாதிதான் இறங்குகிறது என்றால் ட்யூப் போட்டுவிடுங்கள். இரண்டு வாரம் காத்திருந்து, 46 கிலோவுக்கு வந்தபின் போடுவதைவிட இப்போது போடுவது நல்லது. மூக்கு வழி ரைல்ஸ் ட்யூப் போடுவது ஐந்து நிமிட வேலை. முதல் இரண்டு நாள் தொண்டையில் உறுத்தும், பிறகு பழகிவிடும். கட்டியைத் தாண்டி அது போகவில்லையென்றால் எண்டோஸ்கோப்பி வழியாகப் போடலாம், அல்லது வயிற்றில் சின்னதாகக் கிழித்துச் சிறுகுடலில் ட்யூப் வைக்கலாம். நேராக இரைப்பையில் வைக்கும் ட்யூபைப் பெரும்பாலும் தவிர்ப்போம். ஆபரேஷனில் உணவுக்குழாயை எடுத்துவிட்டு இரைப்பையைத்தான் மேலே இழுத்துக் குழாயாக்குகிறோம். அதில் முன்கூட்டியே ஓட்டை போடக் கூடாது.

ட்யூப் போட்டால் வாய்க்கு வேலையில்லை என்று அர்த்தமில்லை. முடிந்ததை விழுங்கச் சொல்லுங்கள், விழுங்கும் பழக்கம் விட்டுப்போகக் கூடாது. ரைல்ஸ் ட்யூபில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை 200 மில்லி. மெல்லிய துணியில் நன்றாக வடிகட்டி, உட்காரவைத்து, சிரிஞ்சைத் தூக்கிப் பிடித்து, அதுவாக இறங்கும் வேகத்தில் விடுங்கள். அழுத்தித் தள்ளக் கூடாது. முடித்ததும் 50 மில்லி தண்ணீர் விட்டுக் கழுவாவிட்டால் சத்துமாவு ட்யூபுக்குள் சிமென்ட் மாதிரி இறுகிவிடும். அரை மணி நேரம் படுக்கவிடாதீர்கள். மூக்கருகே ட்யூபில் பேனாவால் ஒரு கோடு போட்டு வையுங்கள். கோடு வெளியே நகர்ந்திருந்தால் ஒரு சொட்டுக்கூட ஊற்றாமல் மருத்துவமனைக்குப் போங்கள். சிறுகுடலில் வைத்த ட்யூபுக்கு இந்த முறை ஒத்துவராது, அதில் மெதுவாகச் சொட்டுச் சொட்டாகத்தான் விட வேண்டும்.

அப்பாவிடம் சொல்வது

இதைத்தான் கொஞ்சம் நிதானமாக எழுத நினைத்தேன்.

ட்யூபை மறுப்பதற்காக அப்பாவைப் பிடிவாதக்காரர் என்கிறீர்கள். அவர் இடத்தில் உட்கார்ந்து பாருங்கள். குடல் புண் என்று சொல்லித் தினமும் திருச்சிக்குக் கூட்டிப் போகிறீர்கள். புண் ஆறுவதற்குப் பதில் கூடுகிறது. முடி கொட்டுகிறது. இப்போது மூக்கில் ட்யூப் என்கிறீர்கள். குடல் புண்ணுக்கு யாராவது இவ்வளவு பாடுபடுவார்களா? எதற்காகப் பொறுக்கிறோம் என்று தெரியாதவருக்குப் பொறுமை எங்கிருந்து வரும்?

அதோடு, அவருக்குத் தெரியாது என்று நீங்கள் நினைப்பதையே நான் நம்பவில்லை. நான் பயிற்சியில் இருந்தபோது ஒரு பெரியவர் வந்தார். பிள்ளைகள் என்னைத் தனியாகக் கூப்பிட்டு ‘அப்பாகிட்ட சொல்லிடாதீங்க’ என்று கையைப் பிடித்துக் கேட்டார்கள். நானும் தலையாட்டினேன். கடைசி நாளில் அவர் கிளம்பும்போது, ‘பசங்ககிட்ட எனக்குத் தெரியும்னு சொல்லிராதீங்க டாக்டர், பாவம் தாங்கமாட்டாங்க’ என்றார். ரேடியேஷன் அறைக்கு வெளியே இருக்கும் பெஞ்சில் ஒரு வாரம் உட்கார்ந்தவருக்குத் தெரியாத ரகசியம் கிடையாது. பக்கத்தில் இருப்பவர் ‘உங்களுக்கு எந்த இடத்துல கட்டி?’ என்றுதான் பேச்சையே ஆரம்பிப்பார். அந்தப் பெரியவரும் பிள்ளைகளும் ஒருவருக்கொருவர் நடித்துக்கொண்டே அந்த ஐந்து வாரத்தைக் கழித்தார்கள். அன்று தலையாட்டியதை நினைத்தால் எனக்கு இன்றும் உறுத்தும்.

சட்டமும் இதைத்தான் சொல்கிறது. சுயநினைவோடு, முடிவெடுக்கும் நிலையில் உள்ள பெரியவருக்குப் பதிலாக உறவினர் கொடுக்கும் சம்மதம் சம்மதமாகாது என்று, ஓர் அறுவை சிகிச்சை வழக்கில் உச்ச நீதிமன்றம் 2008-ல் தீர்ப்பளித்தது. தாய் கொடுத்த ஒப்புதலே அந்த வழக்கில் செல்லவில்லை. ஆபரேஷனுக்கு அப்பாவின் கையெழுத்து வேண்டும். அவர் என்னவென்று தெரிந்து போட வேண்டிய கையெழுத்து அது. அன்றைக்குப் புதிதாகச் சொல்வதற்கு இன்றே சொல்வது மேல்.

ஒரே மூச்சில் எல்லாவற்றையும் கொட்ட வேண்டாம். ‘உங்களுக்கு என்னன்னு நினைக்கிறீங்கப்பா?’ என்று கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். பெரும்பாலும் அவரே சொல்லிவிடுவார். இல்லையென்றால், ‘அது சாதாரணப் புண் இல்லப்பா, கட்டி. வேற எங்கயும் பரவலை, குணப்படுத்தணும்னுதான் இந்த வைத்தியம். இன்னும் இத்தனை நாள்தான் பாக்கி’ என்பது போதும். இந்த மூன்றும் உண்மை. ட்யூபைப் பற்றிச் சொல்லும்போது, இன்ன தேதிவரை என்று ஒரு முடிவைச் சேர்த்துச் சொல்லுங்கள். அம்மாவும் அண்ணனும் கூட இருக்கட்டும். தைரியம் வரவில்லையென்றால் உங்கள் டாக்டரைச் சொல்லச் சொல்லுங்கள், அது எங்கள் வேலைதான்.

ஒளித்து வைத்துப் போடும் வெற்றிலை, புகையிலையும் அப்போது தானே பேச்சில் வந்துவிடும். புண்ணுக்குப் புகையிலையை விடச் சொன்னால் விடாதவர், இதற்கு விடக்கூடும். புகையிலையை விடாமல் எடுத்துக்கொண்டால் புண் ஆறாது, ஆபரேஷனிலும் நுரையீரல் தொந்தரவு அதிகம்.

உடனே கிளம்ப வேண்டிய நேரம்

காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால், இரவு இரண்டு மணியானாலும் போங்கள். பாராசிட்டமால் காய்ச்சலை மறைக்குமே தவிரத் தொற்றைக் கொல்லாது. அதை வலிக்காகக் கொடுப்பதாக இருந்தாலும் முதலில் தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்துவிட்டுக் கொடுங்கள். தண்ணீர் குடித்த உடனே ஒவ்வொரு முறையும் புரையேறி இருமினால், உணவுக்குழாய்க்கும் மூச்சுக்குழாய்க்கும் நடுவே ஓட்டை விழுந்திருக்கலாம். வாய்வழி எதுவும் கொடுக்காமல் கிளம்புங்கள். ரத்த வாந்தி, தார்போல் கறுத்த மலம், மூச்சிரைப்பு, எச்சிலையே விழுங்க முடியாமல் துப்பிக்கொண்டிருப்பது, பாதி நாளாகச் சிறுநீர் போகாதது இவற்றுக்கும் காத்திருக்க வேண்டாம். 108-ஐக் கூப்பிடும்போதே ‘கீமோ எடுப்பவர்’ என்று சொல்லிவிடுங்கள். சிகிச்சை ஃபைல் கையில் இருக்கட்டும்.

ஆபரேஷனும் பேத்தியும்

ரேடியேஷன் முடிந்து நான்கிலிருந்து எட்டு வாரத்துக்குள் மறுபடி ஸ்கேன், எண்டோஸ்கோப்பி பார்த்து ஆபரேஷனுக்குத் தேதி குறிப்பார்கள். அதற்குள் அப்பா நன்றாக விழுங்க ஆரம்பித்து, ‘எல்லாம் சரியாயிடுச்சு, ஆபரேஷன் எதுக்கு?’ என்று கேட்பார். விழுங்க முடிவது வேறு, கட்டி முழுதாகப் போவது வேறு. கட்டி முழுதாக மறைந்தவர்களை ஆபரேஷன் செய்யாமல் நெருக்கமாகக் கண்காணிக்கும் வழியும் இப்போது பேசப்படுகிறது. சொன்ன தேதிக்குத் தவறாமல் எண்டோஸ்கோப்பிக்கு வருபவருக்கு மட்டும்தான் அது பொருந்தும். அதை உங்கள் சர்ஜனிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். ஆபரேஷனுக்கு முன் மூச்சுப் பயிற்சிக்கு, மூன்று பந்து உள்ள பிளாஸ்டிக் கருவி ஒன்று கொடுப்பார்கள். பலரும் அதை ஊதுகிறார்கள். ஊதக் கூடாது, உறிஞ்ச வேண்டும். பந்து மேலே ஏறி நிற்கும்படி மூச்சை உள்ளே இழுக்க வேண்டும். அதை இப்போதிருந்தே பழக்கினால் ஆபரேஷன் முடிந்தபின் நுரையீரலில் சளி கட்டுவது குறையும்.

செலவு பற்றி ஒரு வரிதான் எழுதியிருந்தீர்கள். முதலமைச்சரின் காப்பீட்டு அட்டையில் ரேடியேஷனுக்கு அனுமதி வாங்கிவிட்டதாகத் தெரிகிறது. ஆபரேஷனுக்குத் தனியாக அனுமதி வாங்க வேண்டியிருக்கும். அட்டையில் குடும்பத்துக்கு ஒரு வருடத்துக்கு ஐந்து லட்சம் வரை வரம்பு இருப்பதால், எவ்வளவு மிச்சம் என்பதை மருத்துவமனையிலேயே இருக்கும் காப்பீட்டுத் திட்ட அலுவலரிடம் இப்போதே கேட்டு வையுங்கள். சந்தேகமென்றால் 104 என்ற அரசு சுகாதார உதவி எண்ணைக் கூப்பிடுங்கள்.

பேத்தி விஷயம். வெளியிலிருந்து கொடுக்கும் கதிர், மெஷினை நிறுத்திய நொடியே நின்றுவிடுகிறது. அப்பாவின் உடம்பில் எதுவும் தங்குவதில்லை, அவர் தொட்டால் யாருக்கும் கதிர் ஒட்டாது. புற்றுநோயும் தொற்றாது. கீமோ மருந்து மட்டும் போட்ட இரண்டு நாள்வரை சிறுநீரிலும் வாந்தியிலும் கொஞ்சம் வரும். அந்த இரண்டு நாள் கழிவறையில் இரண்டு தடவை தண்ணீர் ஊற்றுங்கள், வாந்தியைத் துடைப்பவர் கையுறை போட்டுக்கொள்ளட்டும். மற்றபடி நாம் பயப்பட வேண்டியது குழந்தையிடமிருந்து தாத்தாவுக்குப் போகும் சளிக்குத்தான். பாப்பாவுக்கு மூக்கு ஒழுகவில்லையென்றால், கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு இன்று சாயங்காலமே தாத்தா மடிக்கு அனுப்புங்கள்.